கோட்டின் அகலம் பார்த்த வைணு பாப்பு

(மூன்றாம் ஆண்டு கருவியியல் மாணவன்)



நம்ம மாணவர் பேரவை ஆண்டு மலரில் வருடா வருடம் ஒரு விஞ்ஞானி கட்டாயம் வருவார். பெரும்பாலும் அப்துல் கலாம் ஐயா. அவரை விட்டால் ராமானுஜம், சர் சி.வி. ராமன். தப்பே இல்லை, படிக்கப் படிக்க அலுக்காத மனிதர்கள்தான். ஆனால் இந்தத் தடவை மலர்க் குழுவில் என்னிடம் ஒரு வாழ்க்கை வரலாறு கேட்டபோது வைணு பாப்பு என்று சொன்னேன். பாதிப் பேருக்கு அது காவலூரில் இருக்கிற ஒரு தொலைநோக்கியின் பெயர். அது ஒரு ஆள் பெயர் என்பதே பலருக்குத் தெரியவில்லை. சரி, ஆளைப் பற்றியே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆனா, அவரிடம் நான் போய்ச் சேர்ந்த வழி கொஞ்சம் கோணல் வழி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனேன். பெயர் வேண்டாம். காலை ஐந்தரை மணிக்கே கூட்ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்குமே, அதில் ஒன்றைப் பிடித்து ஓடுவேன். கார்களின் பின்பக்கக் கண்ணாடியில் மெல்லிசாகக் கோடு கோடாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். பனி படியாமல் சூடாக்குகிற கம்பிக் கோடுகள். அந்தக் கோட்டின் அகலம் சரியா என்று ஒரு கேமரா பார்க்கும். சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு, கண்ணாடி தள்ளுபடி. அந்த மெஷினில் நின்றவர் ஒரு கான்ட்ராக்ட் அக்கா. காலையில் ஷிப்ட் தொடங்கும்போது, கண்ணாடியைத் தாங்குகிற ஸ்டாப்பர் ஆடாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து செக் ஷீட்டில் டிக் போடுவது என் வேலை. ஒரு நாள் தொடாமலே டிக் போட்டேன். பஸ் லேட், டீ குடிக்கவில்லை, என்னென்னவோ காரணம். ஸ்டாப்பர் தளர்ந்திருந்தது. கண்ணாடிகள் ரெண்டு டிகிரி சாய்ந்து வந்து உட்கார்ந்தன. கேமராவோ படத்தை நேர் செங்குத்தாகவே கூட்டிப் பார்த்தது. பத்து மில்லிமீட்டர் நீளத்துக்குக் கூட்டினால், ரெண்டு டிகிரி சாய்வில் கோடு 0.35 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் கோடு 0.85 வரை பரவித் தெரியும். நல்ல கண்ணாடிகள் அறுபத்திரண்டு தள்ளுபடிக்குப் போயின. பழி அந்த அக்கா மேல் விழுந்தது. மறு வாரம் அவரை அந்த லைனிலிருந்து எடுத்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னைக்கு வரைக்கும் அது என் தொண்டையில் நிற்கிறது.

அன்று யாரோ ஒருவர் சாஃப்ட்வேரில் படத்தை ரெண்டு டிகிரி திருப்பிவிட்டார். நடுவில் இருந்த கோடுகள் சரியாகின. ஓரத்துக் கோடுகள் சரியாகவில்லை. ஏன் என்றால் வளைந்த கண்ணாடியில் கோடுகள் ஒன்றுக்கொன்று இணை கிடையாது. ஒவ்வொன்றின் சாய்வும் வேற வேற. இது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தது ஆறு மாதம் கழித்து, ஜவ்வாது மலையில்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் பெங்களூர் ரோடு பிடித்து வேலூர், ஆம்பூர் தாண்டி, வாணியம்பாடியில் திரும்பி ஆலங்காயம் வழியாகக் காவலூர் போனோம். வானம் பார்க்கத்தான். அங்கே விளக்கம் சொன்ன ஒருவர் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை வெள்ளையாகப் பல கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஏணிப் படி மாதிரி. எல்லாமே லேசாகச் சாய்ந்து, லேசாக வளைந்து! ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையாம் அது. எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. இந்தச் சாய்வோடு எப்படி சார் அளப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்ன பதிலில்தான் வைணு பாப்பு என்ற பெயரை ஒரு மனிதரின் பெயராக முதல் தடவை கேட்டேன்.

மணலி கல்லட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். வளர்ந்தது ஐதராபாத்தில். அப்பா அங்கே நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். நம்மில் பலர் அப்பாவின் லேத் பட்டறையிலோ மெக்கானிக் ஷெட்டிலோ திருப்புளி பிடித்து வளர்ந்தோம் இல்லையா, அது மாதிரி இந்தப் பையன் தொலைநோக்கியின் நிழலில் வளர்ந்தான். கல்லூரியில் படிக்கும்போதே ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனித்து ஆய்வுக் குறிப்புகள் எழுதி வெளியிட்டிருக்கிறார். இயற்பியலில் முதுகலை முடித்து, உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார்.

போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது. 1949-ல் வானத்தைப் படம் எடுத்த ஒரு தட்டில் புதிதாக ஒரு வால்நட்சத்திரம் சிக்கியது. ஆசிரியர் பார்ட் பாக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் இருவர் பெயரும் சேர்ந்து அது பாப்பு-பாக்-நியூகிர்க் வால்நட்சத்திரம் ஆனது. பசிபிக் வானியல் கழகத்தின் டோன்ஹோ பதக்கமும் கிடைத்தது. வயது இருபத்தொன்று, இருபத்திரண்டுதான்! நம்ம வகுப்பில் அரியரோடு உட்கார்ந்திருக்கும் சீனியர் அண்ணன்களின் வயது. (கோவிச்சுக்காதீங்கண்ணே.)

1952-ல் டாக்டர் பட்டம். அப்புறம் கார்னகி உதவித்தொகையில் கலிபோர்னியாவின் பாலமார் ஆய்வகத்துக்குப் போனார். உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி அப்போது அங்கேதான் இருந்தது. அங்கே ஆலின் வில்சன் என்ற வானியலாளரோடு சேர்ந்து செய்த வேலைதான் பாப்புவின் பெயரை இன்றுவரை பாடப் புத்தகங்களில் வைத்திருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். நம்ம மெட்ராலஜி பேப்பருக்கு ரொம்பப் பக்கத்து விஷயம்.

நட்சத்திர ஒளியை நிறமாலையாக விரித்தால் வானவில் மாதிரி வரும். அதில் ஆங்காங்கே கறுப்புக் கோடுகள் இருக்கும். ஊதா ஓரத்தில், 3934 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், கால்சியம் உண்டாக்குகிற ஒரு தடித்த கறுப்புக் கோடு உண்டு. அதற்குக் கே கோடு என்று பெயர். சூரியனையும் அதைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களையும் உற்றுப் பார்த்தால், அந்தக் கறுப்பின் நடுவில் மெல்லிசாக ஒரு வெளிச்சக் கீற்று தெரியும். கறுப்புக் கரை போட்ட துணியில் நடுவே ஓடும் வெள்ளி இழை மாதிரி. வில்சனும் பாப்புவும் 185 நட்சத்திரங்களில் அந்தக் கீற்றின் அகலத்தை அளந்தார்கள். நட்சத்திரம் எந்த அளவுக்கு உண்மையில் பிரகாசமானதோ, அந்த அளவுக்குக் கீற்றின் அகலம் கூடிக்கொண்டே போனது. சின்ன நட்சத்திரத்திலிருந்து ராட்சத நட்சத்திரம் வரை ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தது. 1957-ல் கட்டுரை வெளிவந்தது. வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர் நிலைத்தது.

இதில் என்ன அப்படி ஒரு பெருமை என்று கேட்கலாம். ராத்திரியில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. பக்கத்தில் எரியும் ஜீரோ வாட் பல்பா, தூரத்தில் எரியும் சோடியம் விளக்கா? வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாது. அந்த விளக்கின் மேல் வாட் எண் அச்சடித்திருந்தால்? உடனே தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். கே கோட்டின் அகலம்தான் நட்சத்திரத்தின் மேல் இயற்கை அச்சடித்த வாட் எண்.

ஆனா அந்த எண் எவ்வளவு பொடி எழுத்தில் இருக்கிறது தெரியுமா? அந்தத் தட்டுகளில் ஒரு மில்லிமீட்டருக்குள் 10 ஆங்ஸ்ட்ராம் அடங்கியிருந்தது. சூரியன் மாதிரி நட்சத்திரத்தில் கீற்றின் அகலம் கிட்டத்தட்ட அரை ஆங்ஸ்ட்ராம். அப்படியென்றால் தட்டின் மேல் 0.05 மில்லிமீட்டர். நம்ம ஒர்க்‌ஷாப் ஸ்க்ரூ கேஜில் ஐந்தே பிரிவு! ராட்சத நட்சத்திரத்தில் அது ஒரு ஆங்ஸ்ட்ராம் சுமாருக்கு வரும், அதாவது பத்துப் பிரிவு. இந்த ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. இன்னொரு வில்லங்கமும் உண்டு. உண்மைப் பிரகாசம், அகலத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டிப் போகிறது. அகலத்தில் பத்து சதவீதம் தப்பு செய்தால் 1.1-ஐ ஆறு தடவை பெருக்கிப் பாருங்கள், 1.77 வரும். பிரகாசம் முக்கால் மடங்கு கூடிப்போகும். தூரக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு பிசகும். ஸ்க்ரூ கேஜில் அரைப் பிரிவு பிசகினால் நட்சத்திரம் இருக்கிற இடமே மாறிப்போச்சு! இப்போது சொல்லுங்கள், கோட்டின் அகலத்தைச் சாய்வினால் கூட்டி அளப்பது சின்னத் தப்பா?

1953-ல் பாப்பு இந்தியா திரும்பிவிட்டார். அங்கேயே இருந்திருந்தால் இன்னும் பெரிய தொலைநோக்கிகள் கைக்குள் இருந்திருக்கும். இங்கே அப்போது நட்சத்திர ஆராய்ச்சிக்கு உருப்படியான கருவி கிடையாது. 1954-ல் வாரணாசியில் உத்தரப்பிரதேச அரசு ஒரு வான் ஆய்வகம் தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்று, மறு வருடம் நைனிடால் மலைக்கு அதை மாற்றி வளர்த்தார். 1960-ல் நம்ம கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். அப்போது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயசுதான்.

கொடைக்கானலைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். அங்கே 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படம் பிடித்தார். நிறமாலையின் கறுப்புக் கோடுகள் நேராக இருக்கவேண்டும் இல்லையா? புள்ளியின் மேல் வரும்போது அந்தக் கோடுகள் சாய்ந்திருந்தன. ஒரு பக்கம் சிவப்பு நோக்கி, மறு பக்கம் நீலம் நோக்கி. கருவிக் கோளாறு என்று தள்ளாமல் அவர் துருவிப் பார்த்ததில், புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பது தெரியவந்தது. எவர்ஷெட் விளைவு என்று இன்றைக்கும் உலகம் பேசுகிறது. நான் இதை ஏன் சொல்கிறேன்? சாய்வில் ரெண்டு ஜாதி உண்டு. கருவி உண்டாக்குகிற சாய்வு ஒன்று, வானம் உண்டாக்குகிற சாய்வு ஒன்று. முன்னதை எடுத்துவிட வேண்டும். பின்னதை எடுத்துவிட்டால் கண்டுபிடிப்பே போய்விடும். எது எது என்று பிரிக்க உங்கள் கருவியின் குணம் உங்களுக்கு ஆணி வேர் வரை தெரிந்திருக்க வேண்டும்.

பாப்பு அப்படித் தெரிந்துவைத்த ஆள். சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் போதும், ஆனால் நட்சத்திரங்களுக்கு வேறு இடம் வேண்டும் என்று தென்னிந்தியாவில் தேடி, ஜவ்வாது மலைக் காட்டில் காவலூரைப் பிடித்தார். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர். வடகோளத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். 1968-ல் அங்கே முதல் தொலைநோக்கி வந்தது. 38 சென்டிமீட்டர் கண்ணாடி, தங்கள் பட்டறையிலேயே செய்தது. பெரிய சாதனம் இல்லைதான். ஆனால் நம்ம ஆட்கள் தேய்த்த கண்ணாடி, நம்ம ஆட்கள் கடைந்த உருளைகள். 1971-ல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்ற நிறுவனமாக உருவானது, பாப்பு அதன் முதல் இயக்குநர். 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் கம்பெனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி காவலூரில் வேலைக்கு வந்தது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்ததே, அந்தப் பதிவு எடுத்த இடங்களில் இந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று.

வாங்கிய தொலைநோக்கி நன்றாகத்தான் ஓடியது. ஆனா பாப்புவுக்கு ஆசை வேறு. பெரிய தொலைநோக்கி ஒன்றை இங்கேயே வடிவமைத்து, இங்கேயே செய்யவேண்டும். கண்ணாடிக் கட்டி மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. 2.34 மீட்டர் குறுக்களவு. அதைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில், ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் நடந்தது. வருடக் கணக்கில்! தொலைநோக்கியைத் தாங்கும் இரும்புக் கட்டுமானத்தை மகாராஷ்டிராவின் வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. இயந்திரவியல் நண்பர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: டன் கணக்கில் எடையுள்ள இரும்பு, பூமி சுழலும் வேகத்துக்கு எதிராக, ஒரு நட்சத்திரத்தை விட்டு அசையாமல் மணிக்கணக்கில் திரும்பவேண்டும். பேரிங், கியர், பேக்லாஷ் என்று நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற அத்தனையும் அங்கே உயிர்ப் பிரச்சினை.

வெளியிலும் மரியாதை வந்தது. 1970-ல் பட்நாகர் பரிசு, 1981-ல் பத்மபூஷண். 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

பட்டியலை இதோடு நிறுத்திவிட்டு, காவலூரில் பார்த்த அந்தச் சாய்ந்த ஏணிப் படத்துக்கு வருகிறேன். பாப்பு வில்சனோடு அளந்த காலத்தில் நிறமாலை ஒற்றைப் பட்டையாகத் தட்டில் விழும். பட்டையை நேராக வைத்து நுண்ணோக்கியில் அளந்துவிடலாம். இன்றைக்குப் பெரிய ஆய்வகங்களில் எஷெல் என்ற வகைக் கருவி பயன்படுகிறது. பிரெஞ்சு மொழியில் ஏணி என்று அர்த்தம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹாரிசன் 1949-ல் இந்த வகைக் கீற்றணியை முன்வைத்தார். பாப்பு வால்நட்சத்திரம் பார்த்த அதே வருடம்!

சாதாரணக் கீற்றணியில் மில்லிமீட்டருக்கு 600, 1200 என்று நெருக்கமாகக் கோடு கீறியிருக்கும். எஷெலில் ஐம்பது சொச்சம்தான். ஆனால் படி படியாக ஆழமாக வெட்டி, எழுபது டிகிரி வரை சாய்த்து ஒளியை விழச் செய்வார்கள். அதனால் முதல் வரிசை நிறமாலைக்குப் பதில் ஐம்பதாவது, அறுபதாவது வரிசைகள் பிரகாசமாக வரும். கணக்கு சுலபம். மில்லிமீட்டருக்கு 50 கோடு, 70 டிகிரி என்று வைத்தால், வரிசை எண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் எப்போதும் சுமார் 3,76,000 ஆங்ஸ்ட்ராம் வரும். 57-ஆம் வரிசையின் நடுவில் 6595 ஆங்ஸ்ட்ராம், 58-ஆம் வரிசையின் நடுவில் 6481. தொல்லை என்னவென்றால் எல்லா வரிசையும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். அதைப் பிரிக்கக் குறுக்கே ஒரு முப்பட்டகம் வைக்கிறார்கள். அது ஒவ்வொரு வரிசையையும் அதன் நிறத்துக்கு ஏற்ப மேலே கீழே தள்ளி அடுக்குகிறது. ஏணி ரெடி.

சாய்வு எங்கேயிருந்து வந்தது? இங்கேதான். ஒரே வரிசைக்குள்ளும் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நூறு ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. முப்பட்டகம் அந்த வித்தியாசத்தையும் விட்டுவைக்காது. நீல ஓரத்தைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளும், சிவப்பு ஓரத்தைக் கொஞ்சம் குறைவாகத் தள்ளும். வரிசை சாய்ந்துவிடும். முப்பட்டகம் நீலத்தை அதிகம் விரிக்கும் என்பதால் நீலப் பக்கப் படிகள் அகல இடைவெளியில் ஒரு சாய்வு, சிவப்புப் பக்கப் படிகள் நெருக்கமாக இன்னொரு சாய்வு. எதுவும் எதற்கும் இணை இல்லை. சுங்குவார்சத்திரத்துக் கண்ணாடி மாதிரியே! இது போதாதென்று, ஒளி நுழைகிற பிளவின் பிம்பமும் ஒவ்வொரு வரிசைக்குள்ளும் தனியாகச் சாய்ந்து நிற்கலாம். முதல் சாய்வு ரோட்டின் சாய்வு, ரெண்டாவது ரோட்டின் குறுக்கே போட்ட வெள்ளைக் கோட்டின் சாய்வு. ரெண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் குழப்பிக்கொண்டேன்.

காவலூர் போய் வந்தபிறகு இதையே என் ப்ராஜெக்ட்டாக எடுத்தேன். எஷெல் படம் ஒன்றை வைத்துப் பைத்தானில் புரோகிராம் எழுதினேன். முதலில் செய்தது என்ன தெரியுமா? கம்பெனியில் செய்ததையே. படத்தை மூன்று டிகிரி திருப்பினேன். நடு வரிசைகள் நேராயின, மேலும் கீழும் கோணல் அப்படியே. போதாக்குறைக்கு, திருப்பும்போது ஒவ்வொரு பிக்செலும் பக்கத்துப் பிக்செல்களோடு கலந்து கோடுகள் எல்லாம் மங்கிவிட்டன. எங்கள் சார் பார்த்துவிட்டு, படத்தைத் திருப்பாதே, படத்தின் வழியே நீ போ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வழியே போவது எப்படி? முதலில் பிரகாசமான சீரான விளக்கு ஒன்றை அதே கருவி வழியே எடுத்த படத்தை வைத்துக்கொள்ள வேண்டும். படத்தின் நடுவில் ஒரு செங்குத்து வெட்டு எடுத்தால் ஒவ்வொரு வரிசையும் ஒரு மேடாகத் தெரியும். மேட்டின் உச்சியைக் குறித்துக்கொண்டு, பத்துப் பத்துப் பிக்செலாக இடதும் வலதும் நகர்ந்து அதே உச்சியைத் துரத்தவேண்டும். ஓரத்துக்குப் போகப் போக ஒளி மங்கும், அங்கே அவசரப்பட்டால் பக்கத்து வரிசைக்குத் தாவிவிடும் (தாவியது, ரெண்டு நாள் போனது). கிடைத்த புள்ளிகளுக்கு மேத்ஸில் படித்த லீஸ்ட் ஸ்கொயர் முறையில் ஒரு வளைகோடு பொருத்தவேண்டும். வரிசைக்கு ஒரு வளைகோடு, தனித்தனியாக. அப்புறம் நட்சத்திரப் படத்தில் அந்தந்த வளைகோட்டைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலும் கீழும் சில பிக்செல்களை மட்டும் கூட்டிக்கொண்டே போகவேண்டும். ரெண்டு வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் சிதறிய ஒளி கொஞ்சம் தேங்கியிருக்கும், அதை அளந்து கழிக்கவேண்டும். அலைநீளம் குறிக்கத் தோரியம்-ஆர்கான் விளக்கு. அதன் கோடுகளின் அலைநீளம் துல்லியமாகத் தெரியும், அதையும் இதே தடத்தில்தான் எடுக்கவேண்டும்.

அந்த விளக்குதான் ரெண்டாவது சாய்வையும் காட்டிக்கொடுக்கிறது. விளக்கில் வாயு பாய்ச்சல் எதுவும் நிறமாலையைச் சாய்க்கப் போவதில்லை. எனவே விளக்கின் கோடு சாய்ந்து தெரிந்தால் அது கருவியின் சாய்வு. விளக்கில் இல்லாத சாய்வு சூரியனில் தெரிந்தால் அது எவர்ஷெட் பார்த்த ஜாதி. என் படத்தில் பிளவின் உயரம் 20 பிக்செல், விளக்குக் கோட்டின் சாய்வு 5 டிகிரி. நேராகக் கூட்டினால் கோடு 1.75 பிக்செல் இழுபடும். மூன்று பிக்செல் அகலமுள்ள மெல்லிய கோடு ஏழெட்டு சதவீதம் தடித்துப்போகும். கே கோட்டின் கீற்று மாதிரி அகலமான விஷயத்துக்கு இவ்வளவு அடி விழாது என்பதும் உண்மை. ஆனால் எது மெல்லியது, எது அகலமானது என்று அளக்கும் முன்னே யாருக்குத் தெரியும்? சாய்ந்த பிளவின் கோணத்திலேயே கூட்டியபோது கோடு மறுபடி மெலிந்தது. அந்த ராத்திரி ஹாஸ்டலில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து ரூம் பையன் எழுந்து வந்து திட்டினான்.

பாப்பு தன் பெரிய தொலைநோக்கி முடிந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் மாநாடு கூடியது. தலைமை தாங்கவேண்டியவர் அவர். ஆனால் அப்போது ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்காகப் படுத்திருந்தார். மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 19-ஆம் தேதி காலமானார். ஐம்பத்தைந்து வயது முடிந்து ஒன்பது நாள். பெங்களூரில் அவருடைய கண்ணாடி தேய்க்கும் வேலை இன்னும் முடியவில்லை.

தேய்த்தவர்கள் நிறுத்தவில்லை. 1985 கடைசியில் அந்த 2.34 மீட்டர் கண்ணாடியில் முதல் நட்சத்திர ஒளி விழுந்தது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அப்புறம் அதற்கென்று ஓர் எஷெல் கருவியை நிறுவனத்தாரே செய்தார்கள். அதைப் பற்றிய கட்டுரை 2005-ல் வெளிவந்தது. தொலைநோக்கியின் உச்சியில் சேரும் நட்சத்திர ஒளியை, தலைமுடி அளவுக் கண்ணாடி இழை ஒன்று சுமார் 45 மீட்டர் தூரம் கீழே தனி அறைக்குக் கொண்டுவருகிறது. கருவி அங்கே அசையாமல் மேசை மேல் இருக்கும், தொலைநோக்கியோடு சேர்ந்து திரும்பாது. அதனால் நேற்றைய சாய்வும் இன்றைய சாய்வும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பிரிதிறன் 72,000 வரை போகும். 6563 ஆங்ஸ்ட்ராமில் 0.09 ஆங்ஸ்ட்ராம் வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டும் என்று அர்த்தம்.

நாங்கள் போன அந்தச் சனிக்கிழமை மேகம் மூடிவிட்டது. வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூட வந்தவர்கள் பெட்ரோல் காசு வீண் என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். நான் மொபைலில் எடுத்து வைத்த அந்த ஏணிப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ப்ராஜெக்ட் முடிந்த வாரம் சுங்குவார்சத்திரம் போய் அந்தக் கம்பெனி கேட்டில் நின்றேன். அக்கா பேக்கிங்கில்தான் இருந்தார். ஷிப்ட் விட்டு வந்ததும் டீக்கடை வாசலில் நடந்ததைச் சொன்னேன். செக் ஷீட்டில் நான் தொடாமல் போட்ட டிக், ஸ்டாப்பர், ரெண்டு டிகிரி, எல்லாம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இதை எழுதிக் கொடுப்பியா தம்பி என்று கேட்டார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, கணக்கோடு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.